“நோ ப்ராப்ளம்” என்று சிரித்தால் விட்டுவிடலாமா?

கேள்வி: ஹூஸ்டனில் வசிக்கிறேன். நான் வழக்கமாகப் போகும் நெயில் சலூனை நடத்துபவர் அறுபதைத் தாண்டிய வியட்நாமியப் பெண்மணி. போன வாரம் காசுத் தகராறில் ஒருவர், “உன் நாட்டுக்கே திரும்பிப் போ” என்று அவரைக் கத்தித் தீர்த்தார். எனக்கு வாயே வரவில்லை, போனில் வீடியோ மட்டும் எடுத்தேன். மறுநாள் விசாரித்தால், “நோ ப்ராப்ளம்” என்று சிரிக்கிறார். போலீஸுக்குப் போவதா? வீடியோவை வாட்ஸ்அப்பில் போடலாமா?

பதில்: போடாதீர்கள். அழிக்கவும் வேண்டாம். கண்ணெதிரே நடந்ததைப் படம்பிடித்ததில் தப்பில்லை. ஆனால் அதில் தலைகுனிந்து நிற்பவர் அவர். ஊர் பார்க்கட்டுமா என்று அவர்தான் சொல்ல வேண்டும். கடை அடைக்கும் நேரமாகப் போய், “அன்றைக்கு நான் பார்த்தேன். வீடியோ இருக்கிறது. வேண்டுமானால் தருகிறேன், சாட்சியும் சொல்கிறேன்” என்று மட்டும் சொல்லிவிட்டு வாருங்கள். தேதி, நேரம், கேட்ட வார்த்தைகளை இன்றே எழுதி வையுங்கள்.

போலீஸ் விஷயம்: “திரும்பிப் போ” என்பது எவ்வளவு கேவலமானாலும், வெறும் பேச்சாக இருக்கும்வரை அமெரிக்கச் சட்டத்தில் பொதுவாகக் குற்றமாகாது. கொன்றுவிடுவேன் என்ற மிரட்டல், அடி, கடையை உடைப்பது என்று போனால் குற்றம். இன வெறுப்பால் செய்தது என்று நிரூபித்தால், டெக்சாஸில் 2001-இல் வந்த ஜேம்ஸ் பேர்ட் சட்டப்படி தண்டனையும் கூடும்.

அந்த “நோ ப்ராப்ளம்”தான் எனக்கு முக்கியமாகப் படுகிறது. 1975 ஏப்ரல் 30 அன்று தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் கம்யூனிஸ்டுகளிடம் வீழ்ந்தது. அந்த ஆண்டே சுமார் 1,30,000 பேர் அமெரிக்கா வந்தார்கள். அடுத்த இருபது ஆண்டுகளில் ஏறக்குறைய 8 லட்சம் பேர் படகேறி அண்டை நாடுகளில் கரை சேர்ந்தார்கள். கடலோடு போனவர்களுக்குக் கணக்கில்லை. (வியட்நாமியர்களின் நெயில் சலூன் தொழிலும் அகதி முகாமில் முளைத்ததுதான். 1975-இல் கலிபோர்னியா முகாமுக்குப் போன நடிகை டிப்பி ஹெட்ரன், தன் நகங்களை அங்கிருந்த பெண்கள் ரசிப்பதைப் பார்த்து, 20 பேருக்குப் பயிற்சி ஏற்பாடு செய்தார்.)

உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, கால்வெஸ்டன் வளைகுடாவில் நடந்ததைக் கேளுங்கள். இறால் குறைவு, படகுகள் அதிகம், டீசல் விலையும் ஏறியிருந்தது. பழி புதிதாக வந்த வியட்நாமிய மீனவர்கள்மேல் விழுந்தது. 1981 பிப்ரவரியில் வெள்ளை இனவெறி அமைப்பான கு க்ளக்ஸ் க்ளான் கூட்டம் கூட்டி, “வியட்காங்” என்று எழுதிய படகைக் கொளுத்திக் காட்டியது. வியட்காங் என்ற கம்யூனிஸ்ட் கெரில்லாக்களின் தரப்பிடம் தோற்று ஓடி வந்தவர்களுக்கு இந்தப் பட்டம்! மீனவர் சங்கத் தலைவர் நுயென் வான் நாம் தென் வியட்நாம் ராணுவத்தில் கர்னலாக இருந்தவர். மார்ச்சில் க்ளான்காரர்கள் அங்கியும் துப்பாக்கியுமாக, உருவபொம்மையைத் தொங்கவிட்டுப் படகில் சுற்றினார்கள். துறையில் இடம் கொடுத்த வெள்ளைக்காரர்களுக்கும் மிரட்டல் போயிற்று.

படகை விற்றுவிட்டுப் போய்விடலாம் என்றுதான் பலர் நினைத்தார்கள். சதர்ன் பாவர்ட்டி லா சென்டர் என்ற சிவில் உரிமை அமைப்பின் வழக்கறிஞர்கள் துணைக்கு வந்தார்கள். ஆனால் வழக்கில் பெயர் கொடுத்து நின்றது மீனவர் சங்கம். இறால் பருவம் தொடங்க ஒரு நாள் இருக்கையில், மே 14 அன்று, நீதிபதி கேப்ரியல் மெக்டொனால்ட், மீனவர்களை மிரட்டக் கூடாது என்று க்ளானுக்குத் தடை விதித்தார். டெக்சாஸின் முதல் கறுப்பின ஃபெடரல் நீதிபதி அவர்.

உங்கள் சலூன்காரர் அப்போது எந்த முகாமில், எந்த ஊரில் இருந்தாரோ. அந்தத் தலைமுறையில் பலருக்குப் புகார் கொடுப்பது என்றால் வம்பை வீட்டுக்கு அழைப்பது. சிரிப்பைச் சம்மதமாக எடுத்துக்கொள்ளவும் வேண்டாம், “ஏன் பயப்படுகிறீர்கள்” என்று நெருக்கவும் வேண்டாம்.

மறுபடி நடந்தால், கத்துகிறவனிடம் போகாதீர்கள். 2017-இல் கான்சஸில் இந்தியப் பொறியாளர் ஸ்ரீனிவாஸ் குச்சிபோட்லா இன வெறுப்பால் கொல்லப்பட்டபோது, சுட்டவனைத் துரத்திய இயன் க்ரில்லட் தானும் குண்டடிபட்டார். அவருக்கு வீடு வாங்க உங்கள் ஹூஸ்டன் இந்தியர்கள்தான் ஒரு லட்சம் டாலர் திரட்டிக் கொடுத்தார்கள். அந்தத் துணிவை எல்லோரிடமும் கேட்க எனக்கு மனம் வராது. நேராக அந்த அம்மாவிடம் போய், சம்பந்தமே இல்லாமல், “எனக்கு எந்தக் கலர் நல்லா இருக்கும்?” என்று கேளுங்கள். பக்கத்தில் ஒரு ஆள் நின்றாலே பாதிக் கத்தல் அடங்கும். ஆயுதம் தெரிந்தால் வெளியே வந்து 911.

இன்னொன்று. ஆதரவு காட்டுகிறேன் என்று வியட்நாமின் இன்றைய கொடியான, நட்சத்திரம் போட்ட சிவப்புக் கொடியை ஸ்டேட்டஸில் வைத்துவிடாதீர்கள். அவர் அகதியாக வந்தவரென்றால், எந்த ஆட்சிக்குத் தப்பி வந்தாரோ அதன் கொடி அது. அவர்கள் கொண்டாடும் கொடி பழைய தென் வியட்நாமுடையது, மஞ்சளில் மூன்று சிவப்புக் கோடு.