பொருத்தம் பார்த்தல் – கடிதம்

அன்புள்ள ஐயா,

நானும் கணவரும் பன்னிரண்டு வருடமாக ஜெர்மனியில் இருக்கிறோம். இந்தியாவிலிருந்து தத்தெடுக்கப் பதிவு செய்து, மூன்று வருடம் காத்திருந்து, போன வாரம் ரெஃபரல், அதாவது ‘இந்தக் குழந்தை உங்களுக்கு’ என்ற அறிவிப்பு, வந்தது. ஒடிசாவில் ஒரு காப்பகத்துப் பெண் குழந்தை, மூன்றரை வயது. மொட்டைத் தலை, காலைவிடப் பெரிய நீலச் செருப்பு. படத்தைப் பார்த்ததும் கணவர் அழுதுவிட்டார். எனக்கு ஒன்றுமே தோன்றவில்லை. ‘யார் இந்தப் பிள்ளை?’ என்றுதான் நினைத்தேன். 96 மணி நேரம்தான் கெடு என்பதால் சரி என்று பதிவு செய்துவிட்டோம். இனி அறிக்கைகளில் கையெழுத்துப் போட வேண்டும். ‘பார்த்தவுடனே நம்ம குழந்தைன்னு தெரிஞ்சிடும்’ என்று எல்லோரும் சொன்னார்கள். எனக்குத் தெரியவில்லையே, கையெழுத்துப் போடலாமா?

கே.

அன்புள்ள கே.,

பெண் பார்க்கப் போன அன்றே ‘இவள்தான்’ என்று தெரிந்துவிட்டது என்பவர்களை நான் நம்புவதில்லை. கல்யாணமாகிப் பத்து வருடம் கழித்துச் சொல்கிற கதை அது.

உங்களுக்கு நடந்தது வேறு. தத்தெடுப்புக்கான மத்திய அமைப்பான காராவின் கணினியில் உங்கள் முறை வந்தது. நீங்கள் குறித்துக் கொடுத்த வயதுக்குள் ஒரு குழந்தை இருந்தது. அவ்வளவுதான் பொருத்தம். ராசியும் இல்லை, ரஜ்ஜுவும் இல்லை.

இந்த வறட்டு முறை எனக்குப் பிடித்திருக்கிறது. 1982இல் லட்சுமிகாந்த் பாண்டே என்ற வழக்கறிஞர், வெளிநாட்டுக்குக் குழந்தைகளை அனுப்புவதில் நடக்கும் முறைகேடுகளைப் பற்றி உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதினார். நீங்கள் எனக்கு எழுதியது போலக் கடிதம்தான். அதையே மனுவாக எடுத்துக்கொண்டு 1984இல் நீதிபதி பகவதி வகுத்த நெறிமுறைகளிலிருந்துதான் இன்றைய ஏற்பாடெல்லாம் வளர்ந்தது. நாடு விட்டு நாடு தத்தெடுப்பதற்கான, இந்தியா 2003இல் ஏற்ற ஹேக் ஒப்பந்தமும், பெற்றவர்களையோ குழந்தையை வைத்திருப்பவர்களையோ தத்தெடுப்பவர்கள் முன்கூட்டியே அணுகக் கூடாது என்கிறது. உறவுக்குள் தத்தெடுப்பது போன்ற சில விலக்குகள் உண்டு. ‘பார்த்தேன், பிடித்தது, எடுத்துக்கொண்டேன்’ என்பதைத்தான் சட்டம் இத்தனை வருடமாகத் தடுக்கப் பார்க்கிறது. அந்த மின்னலடிக்கும் உணர்வு உங்களுக்கு வரவில்லை என்று ஏன் வருத்தப்படுகிறீர்கள்?

என் அத்தை மகள் கோயம்புத்தூரில் ஒரு பையனைத் தத்தெடுத்தாள். முதல் ஆறு மாதம், ‘யார் வீட்டுப் பிள்ளையையோ பார்த்துக்கிற மாதிரிதான் இருந்துச்சு’ என்றாள். ஜூன் மாதம் பள்ளி திறந்தது. நோட்டுக்கெல்லாம் பிரவுன் அட்டை போட்டு, லேபிளில் பெயர் எழுத உட்கார்ந்தாள். இனிஷியல் போட வேண்டும். வீட்டுக்காரர் எழுத்தைப் போட்டாள், பக்கத்தில் தன் எழுத்தையும் சேர்த்துப் போட்டாள். பதினோரு நோட்டு. கடைசி நோட்டுக்கு வரும்போது எழுத்து கோணிவிட்டதாம். அதற்கு மேல் அவள் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆகவே கையெழுத்துக்கு முன்னால் மனசைத் தோண்டிப் பார்ப்பதை விட்டு அந்தக் காகிதங்களைப் பாருங்கள். குழந்தை ஆய்வறிக்கையில் ‘கலகலப்பானவள், எல்லோருடனும் பழகுவாள்’ என்றுதான் அநேகமாக எழுதியிருக்கும், அதைத் தாண்டிப் போங்கள். மருத்துவ அறிக்கையின் தேதி என்ன? எடையும் தலைச் சுற்றளவும் எப்போது எடுத்தவை? உங்கள் ஊர்க் குழந்தை மருத்துவரிடம் காட்டுங்கள். முதலில் சரி என்றதற்கும் கையெழுத்துக்கும் நடுவே விதிமுறை தரும் முப்பது நாள் இதற்குத்தான்.

அப்புறம், அவள் எங்கே, எந்தத் தேதியில் கிடைத்தாள்? குழந்தைகள் நலக் குழு அவளைத் தத்துக் கொடுக்கலாம் என்று அறிவித்த சான்று இருக்கிறதா? பெற்றவர்களே ஒப்படைத்திருந்தால், மனம் மாற அவர்களுக்குச் சட்டம் இரண்டு மாதம் தருகிறது, அது முடிந்திருக்கிறதா? தென்கொரியாவில் வீடும் பெற்றோரும் இருந்த குழந்தைகளையே அநாதை என்று எழுதி அனுப்பியிருக்கிறார்கள். அந்த நாட்டு உண்மை, நல்லிணக்க ஆணையமே 2025இல் அதைச் சொன்னது. நம் ஊரும் யோக்கியமில்லை, சென்னைத் தெருவில் திருடிய குழந்தைகள் வெளிநாட்டு வீடுகளுக்குப் போயிருக்கிறார்கள். எல்லாவற்றுக்கும் நகல் வாங்கி வையுங்கள். பதினெட்டு வயதில் அவள் கேட்பாள்.

‘புண்ணியம் பண்றீங்க’ என்று யாராவது சொன்னால் பேச்சை மாற்றிவிடுங்கள். அந்தக் குழந்தையின் காதில் அது விழவே கூடாது.

ஒடியாவில் கொஞ்சம் சொல் கற்றுக்கொள்ளுங்கள். பாணி என்றால் தண்ணீர், பாத்தோ என்றால் சோறு. முதல் வாரத்துக்கு அதுவே பெரிய விஷயம். காப்பகத்தில் அவளைத் தூங்க வைக்கும் ஆயா யார், எப்படித் தட்டித் தூங்க வைப்பார் என்று கேளுங்கள். கூட்டிவரும்போது அவள் உடுத்திய ஒரு துணியைத் துவைக்காமல் கேட்டு வாங்குங்கள்.

அந்த நீலச் செருப்பையும்தான். இன்னும் ஒரு வருடத்துக்கு அவளுக்கு அது சரியாக இருக்கும்.