கால்பந்தில் ‘கோல் வித்தியாசம்’ என்றால் என்ன? 2011-12-இல் அது எப்படிக் கோப்பையை முடிவு செய்தது?

அடித்த கோல்களிலிருந்து வாங்கிய கோல்களைக் கழித்தால் கிடைப்பதுதான் கோல் வித்தியாசம். வீட்டு வரவில் செலவு போக மிஞ்சுவதைப் போல. புள்ளிகள் சமமானால் இங்கிலாந்து பிரீமியர் லீக் முதலில் பார்ப்பது இதைத்தான்.

அந்த சீசனில் மான்செஸ்டர் சிட்டி, மான்செஸ்டர் யுனைடெட் இரண்டுக்கும் 89 புள்ளிகள். சிட்டி 93 அடித்து 29 வாங்கியது: 64. யுனைடெட் 89 அடித்து 33 வாங்கியது: 56. அதனால் கோப்பை சிட்டிக்கு. யுனைடெட் தன் சொந்த மைதானத்திலேயே சிட்டியிடம் 1-6 என்று உதை வாங்கியதை மறக்க முடியுமா? அதையே 0-1 எனத் தோற்றிருந்தால் இரண்டு அணிக்கும் 88 அடித்து 28 வாங்கிய ஒரே கணக்கு வந்திருக்கும்!

அப்புறம், சீசனின் கடைசி ஆட்டத்தில், கடைசி நிமிடத்தில் சிட்டி வீரர் அகுவேரோ அடித்த கோல்தான் கோல் வித்தியாசத்தில் சிட்டியை முந்த வைத்தது என்று பலர் நினைக்கிறார்கள். கோல் வித்தியாசத்தில் சிட்டி முன்பே முன்னிலையில்தான் இருந்தது. 2-2 டிராவை வெற்றியாக்கி, யுனைடெட்டைவிடக் குறைவாக இருந்த 2 புள்ளிகளைத்தான் அந்தக் கோல் கொடுத்தது.