மூன்று வயது மகனுக்கு இன்னும் பேச்சு வரவில்லை. ஆட்டிசம் அசெஸ்மெண்ட்டைத் தனியாரிடம் செய்யலாமா, பணம் வீணாகுமா?

செய்யலாம். நாங்கள் செய்தோம், எங்கள் பணம் வீணாகவில்லை. ஆனால் எதற்குப் பணம் கட்டுகிறீர்கள் என்பதைப் பார்த்துக் கட்ட வேண்டும். நாங்கள் இரண்டு தனியார் இடங்களில் கட்டியிருக்கிறோம். ஒன்றில் நடந்தது அசெஸ்மெண்ட், அதாவது பிள்ளையை முறையாகப் பார்த்து மதிப்பிடுவது. இன்னொன்றில் நடந்தது அந்தப் பெயரில் ஆள் சேர்ப்பு.

நீங்கள் கேள்வியில் எழுதவில்லை. ஆனாலும் உங்கள் வீட்டில் என்ன பேச்சு ஓடுகிறது என்று எனக்குத் தெரியும். "ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்", "அவன் அப்பாவும் நாலு வயசுலதான் வாயத் தொறந்தான்" என்று அத்தையோ மாமியாரோ சொல்லிக்கொண்டிருப்பார்கள். யாராவது வசம்பை உரசி நாக்கில் தடவச் சொல்லியிருப்பார்கள். பாசத்தில் சொல்வதுதான், சண்டை போடாதீர்கள். ஆனால் அதை நம்பிக் காத்திருக்கவும் வேண்டாம்.

நாங்கள் மதுரை. மகனுக்கு அப்போது இரண்டு வயது தாண்டியிருந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்ப மாட்டான், ஆனால் அடுத்த அறையில் பிஸ்கட் கவரைப் பிரித்தால் ஓடி வருவான். வேண்டியதை விரல் நீட்டிக் காட்டத் தெரியாது. என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்துப்போய் என் கையை அந்தப் பொருளின் மேல் வைப்பான். எங்கள் குழந்தை மருத்துவர் எம்-சாட் என்ற கேள்வித்தாளைக் கொடுத்தார். 16 முதல் 30 மாதக் குழந்தைகளுக்கானது, 20 கேள்விகள். "இது சல்லடை மாதிரிதான்மா, இதை வைத்து ஆட்டிசம் என்று முடிவு சொல்லக்கூடாது. முதலில் காதைப் பாருங்கள்" என்றார். குழந்தையைத் தூங்க வைத்துச் செய்யும் பெரா டெஸ்ட் எடுத்தோம். காது நன்றாக இருந்தது.

அப்புறம் எங்கள் பகுதியில் இருந்த ஒரு தெரபி சென்டருக்குப் போனோம். அங்கிருந்தவர் வளையங்களை மகன் முன்னால் வைத்தார், பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார், கால் மணி நேரம்கூட ஆகவில்லை. "மாடரேட் ஆட்டிசம். திங்கட்கிழமையிலிருந்து சேர்த்துவிடுங்கள், மூன்று மாதத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி உண்டு" என்றார். எந்த அளவுகோலை வைத்துப் பார்த்தீர்கள் என்று என் கணவர் கேட்டதற்கு, "அனுபவத்தில் தெரியும் சார்" என்று பதில் வந்தது. கொடுத்த ரிப்போர்ட் ஒரே பக்கம். டெஸ்ட்டின் பெயர் இல்லை, கையெழுத்துப் போட்டவரின் பதிவு எண்ணும் இல்லை. நாங்கள் சேர்க்கவில்லை.

பிறகு சென்னையில் ஒரு டெவலப்மெண்டல் பீடியாட்ரிஷியனிடம், அதாவது குழந்தைகளின் வளர்ச்சியைப் பார்க்கும் சிறப்பு மருத்துவரிடம், தேதி வாங்கினோம். அவரோடு ஒரு கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டும் (மருத்துவ உளவியலாளர்) ஸ்பீச் தெரபிஸ்ட்டும் (பேச்சுப் பயிற்சியாளர்) இருந்தார்கள். வீட்டில் அவன் சாப்பிடுவது, விளையாடுவது, அழுவது எல்லாவற்றையும் வீடியோ எடுத்து முன்கூட்டியே அனுப்பச் சொன்னார்கள். போனதும் முதலில் என்னிடம்தான் பேசினார்கள். கர்ப்ப காலம், பிரசவம், எப்போது உட்கார்ந்தான், எப்போது நடந்தான் என்று ஒவ்வொன்றாக. "வந்த வார்த்தை எதுவும் நின்றுபோனதா?" என்று அந்த மருத்துவர் கேட்டபோது என் கண் கலங்கிவிட்டது. ஒரு வயதில் அவன் "ண்ணி" என்று தண்ணீர் கேட்பான். சில மாதங்களில் அது நின்றுபோனது. அதுவரை யாரும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

விளையாட்டு அறையில் சைக்காலஜிஸ்ட் சோப்புக் குமிழி ஊதினார். அவன் குதித்தான். பிறகு மூடியை இறுக்கி அவன் கையில் கொடுத்துவிட்டுச் சும்மா இருந்தார். என்னைப் பார்க்கிறானா, அவரைப் பார்க்கிறானா, கேட்கிறானா, கோபப்படுகிறானா என்று கவனித்துக் குறித்துக்கொண்டார். அவசரமே இல்லை. அந்தக் காத்திருப்புக்குத்தான் நாங்கள் பணம் கட்டினோம் என்று இன்றும் சொல்வேன். ஏடாஸ், கார்ஸ் என்று பயன்படுத்திய அளவுகோல்களின் பெயரும் மதிப்பெண்ணும் ரிப்போர்ட்டில் இருந்தன. அவனுக்கு என்னவெல்லாம் நன்றாக வருகிறது என்று தனியாக ஒரு பகுதியும் இருந்தது. லெவல் 2 என்றார்கள். அவனுக்கு எவ்வளவு துணை தேவை என்பதைச் சொல்லும் அளவு அது, அறிவின் அளவு இல்லை என்று பொறுமையாக விளக்கினார்கள். தெரபியை மதுரையிலேயே செய்யுங்கள், எங்களிடம் வர வேண்டியதில்லை என்றும் சொன்னார்கள். அப்போதுதான் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

செலவு, என் கணவரின் மாதச் சம்பளத்தில் பாதிக்கு மேல். "காசு இருக்கிறவர்கள் பேச்சு" என்று கீழே யாராவது எழுதுவார்கள். நகை அடகு வைத்துத்தான் போனோம். அரசு இடங்களை நான் குறைத்துச் சொல்லவும் இல்லை. மாவட்ட ஆரம்ப இடையீட்டுச் சேவை மையத்தில் இலவசமாகவே பார்க்கிறார்கள். சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனமே இருக்கிறது. கையில் பணம் இல்லையென்றால் தயங்காமல் அங்கே போங்கள்.

ஒன்றை மட்டும் நன்றாகத் தெரிந்துகொள்ளுங்கள். தனியார் ரிப்போர்ட் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அதைக் கொடுத்து மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்க முடியாது. மாற்றுத்திறனாளிகள் உரிமைகளுக்கான 2016 சட்டம் ஆட்டிசத்தையும் 21 குறைபாட்டு வகைகளில் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. ஆனால் சான்றிதழ் தருவது அரசு மருத்துவக் குழுதான். அவர்கள் இசா என்ற இந்திய அளவுகோலை வைத்து மறுபடி பார்ப்பார்கள். அதில் 40 அம்சங்கள், 70 மதிப்பெண்ணிலிருந்து ஆட்டிசமாகக் கணக்கு. எங்களுக்குச் சென்னை ரிப்போர்ட் அங்கே உதவியது, மருத்துவர் முழுவதும் படித்துவிட்டுத்தான் கேள்வி கேட்டார். சான்றிதழை வைத்து, மத்திய அரசு அமைப்பான நேஷனல் டிரஸ்ட்டின் நிராமயா மருத்துவக் காப்பீட்டில் சேர்த்தோம். ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை, தெரபிக்கும் ஒரு பகுதி கிடைக்கிறது.

"சின்னப் பிள்ளைக்கு முத்திரை குத்திவிட்டார்கள்" என்று எங்கள் சொந்தத்திலேயே பேசினார்கள். முத்திரை வருவதற்கு முன்பே அவனை "அடங்காதவன்" என்று எல்லோரும் சொல்லிக்கொண்டுதான் இருந்தார்கள். அதற்கு எந்த டெஸ்ட்டும் தேவைப்படவில்லை.

கேள்விக்குச் சம்பந்தம் இல்லைதான், ஆனாலும் சொல்லிவிடுகிறேன். எங்கள் குடியிருப்பில் மகன் லிஃப்ட் பட்டன்களை எல்லாம் அழுத்திவிடுகிறான் என்று வாட்ஸ்அப் குழுவில் எங்கள் வீட்டு எண்ணைப் போட்டு எழுதினார்கள். நாங்கள் மாடிப்படியில்தான் ஏறி இறங்குகிறோம். அதே குடியிருப்பில் கார் நிறுத்துமிடத்தில் இரவு முழுக்கப் பிறந்தநாள் பாட்டு அலறுகிறது, அதைப் பற்றி ஒருவரும் வாயைத் திறப்பதில்லை. ஒரு குழந்தை பட்டன் அழுத்துவது மட்டும் சங்கக் கூட்டத்தின் பொருளாகிவிடுகிறது. எனக்கு அந்தக் கோபம் இன்னும் ஆறவில்லை.

நான் மருத்துவர் இல்லை, ஒரு அம்மா. உங்கள் பிள்ளைக்கு ஆட்டிசம்தான் என்றும் சொல்லவில்லை, வெறும் பேச்சுத் தாமதமாகவும் இருக்கலாம். தேதி வாங்கும்போதே மூன்று விஷயம் கேளுங்கள்: யார் பார்ப்பார்கள், என்ன டெஸ்ட், எழுத்தில் ரிப்போர்ட் உண்டா. கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட் என்றால் ஆர்.சி.ஐ. (இந்திய மறுவாழ்வு கவுன்சில்) பதிவு எண் இருக்க வேண்டும், இணையத்திலேயே சரிபார்க்கலாம். ஸ்டெம் செல் போட்டுக் குணமாக்குகிறோம் என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். ஆட்டிசத்துக்கு அதைப் பரிந்துரைக்க முடியாது என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022லேயே சொல்லிவிட்டது.

நல்ல இடத்தில் தேதி கிடைக்கச் சில மாதங்கள் ஆகலாம். அதுவரை சும்மா இருக்க வேண்டாம். காதைப் பார்த்துவிட்டு ஸ்பீச் தெரபியை இப்போதே தொடங்குங்கள், அதற்கு ஆட்டிசம் ரிப்போர்ட் கையில் இருக்க வேண்டும் என்று இல்லை.