மெக்கானிக் கேட்ட கூலி – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

அப்பா 1983இல் சிங்கப்பூரிலிருந்து கொண்டுவந்த சான்சுய் ஆம்ப்ளிஃபையரும் ஒரு ஜோடி ஸ்பீக்கரும் தென்காசி வீட்டில் இருக்கின்றன. அப்பா போன பிறகு யாரும் போடவில்லை, அந்த மூலையைப் பார்த்தாலே என்னவோ செய்கிறது. விற்றுவிட நினைக்கிறேன். இணையத்தில் இதே மாடலுக்கு 25,000 ரூபாய் போட்டிருக்கிறார்கள், வந்து பார்த்த வியாபாரியோ 6,000க்கு மேல் நகரவில்லை. ஸ்பீக்கரில் ஸ்பாஞ்ச் உதிர்கிறது, ஆம்ப்ளிஃபையரில் உம்மென்று இரைச்சல். திருநெல்வேலி ஜங்ஷனில் ஒரு வயதான மெக்கானிக், உள்ளே கரண்ட்டைத் தேக்கிவைக்கும் கேபாசிட்டர்களை மாற்ற 1,800 கேட்கிறார். ஆன்லைனில் பார்த்தேன், மொத்தமே 250 ரூபாய் சாமான். இப்படி ஏமாற்றினால் எப்படி? என்ன விலைக்கு விற்கலாம்? விற்ற காசில் கண்ணாடிக் குழல் ஒளிரும் வால்வு செட் வாங்கலாமா?

தம்பி,

நம் பக்கத்தில் பழைய செட்டைத் திறந்து பார்க்கத் தெரிந்தவர்கள் ஒவ்வொருவராகக் கடையைச் சாத்திக்கொண்டு போகிறார்களே என்று நான் புழுங்கிக்கொண்டிருந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. மற்றதை எல்லாம் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன்.

விற்பது தப்பே இல்லை. அப்பாவை வெளியே அனுப்புவதாக நினைத்து மனசைப் போட்டு வருத்திக்கொள்ளாதீர்கள். அதைக் கேட்கிற வீட்டுக்குப் போகட்டும், அவரும் அதைத்தான் விரும்பியிருப்பார். இணையத்தில் போட்டிருக்கும் 25,000 விற்பவர் கேட்கிற விலை, யாரும் கொடுத்த விலை அல்ல. வால்வு செட் பேச்சை விடுங்கள். இருக்கிற செட்டையே போடாமல் வைத்திருப்பவருக்கு அது எதற்கு?

ஸ்பாஞ்ச் உதிர்வது பெரிய வியாதி இல்லை. அந்தக் காலத்து ஃபோம் விளிம்பு நம் ஊர் வெக்கையில் இருபது வருஷம் தாங்கினாலே அதிகம். ஸ்பீக்கரின் நடுவில் அதிர்கிற கூம்பை நாலு விரலால் சமமாக, மெல்ல அழுத்துங்கள். உரசாமல் போய் வந்தால் புது விளிம்பு ஒட்டிவிடலாம். வியாபாரி இதைக் காட்டித்தான் விலையை அடித்திருப்பார், ஒட்ட எவ்வளவு ஆகும் என்று அவருக்குத் தெரியும்.

இப்போது அந்த 1,800. கேபாசிட்டருக்குள் இருக்கிற திரவம் வருஷக்கணக்கில் காய்ந்துபோயிருக்கும், இரைச்சல் அதனால்தான். நீங்கள் பிளக்கை நேரே செருகிப் பார்த்திருக்கிறீர்கள், இனிமேல் செய்யாதீர்கள். அவர் முதலில் சீரீஸ் போர்டில், அதாவது கரண்ட் ஒரு பல்பைத் தாண்டித்தான் செட்டுக்குப் போகிற பலகையில், போடுவார். நூறு வாட் குண்டு பல்பு பளிச்சென்று எரிந்து மங்கினால் சரி, எரிந்தபடியே நின்றால் உள்ளே ஷார்ட். அப்புறம் நாற்பது வருஷத்துப் போர்டில் செம்புத் தடம் உரிந்து வராமல் ஈயத்தை உருக்கி எடுக்க வேண்டும், பிளஸ் மைனஸ் மாறாமல் புதியதை வைக்க வேண்டும், மாறினால் வெடிக்கும். எல்லாம் முடித்து, ஸ்பீக்கர் முனையில் மீட்டரை வைத்து டிசி, அதாவது பேட்டரியில் வருவதுபோல் ஒரே திசையில் ஓடும் கரண்ட், வருகிறதா என்று பார்ப்பார். அது வருவது தெரியாமல் ஸ்பீக்கரை மாட்டினால் அதனுள் இருக்கிற கம்பிச்சுருள் கருகிவிடும். நீங்கள் பார்த்த 250 ரூபாயில் இதெல்லாம் எங்கே இருக்கிறது?

எண்பதுகளில் பாளையங்கோட்டையில் எங்கள் தெரு அண்ணாச்சி ஒருவர் சவுதியிலிருந்து ரெக்கார்ட் பிளேயர் கொண்டுவந்தார். பின்னால் இருந்த சுவிட்சை 220க்குத் திருப்பித்தான் போட்டார், ஆனாலும் ஐந்து கட்டையில் பாடுகிற அம்மாள் மூன்று கட்டைக்கு இறங்கி ஆண்குரலில் இழுத்தார். ஒரு கடையில் ஊசி தேய்ந்துவிட்டது என்று புது ஊசி மாட்டிக் காசு வாங்கிக்கொண்டார்கள். கடைசியில் எங்கள் தெரு முனையில் பெஞ்சு போட்டிருந்த மெக்கானிக்கிடம் வந்தது. அவர் ரெக்கார்டுக்கு அடியில் ஒரு துண்டுக் காகிதத்தை வெளியே நீட்டும்படி செருகி, கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே சுற்றுகளை எண்ணினார். நிமிஷத்துக்கு முப்பத்து மூன்று வர வேண்டிய இடத்தில் இருபத்தெட்டுகூட வரவில்லை. சவுதியில் கரண்ட் 60 ஹெர்ட்ஸ், அதாவது வினாடிக்கு அறுபது அலை, நமக்கு 50. சுவிட்ச் வோல்டேஜைத்தான் மாற்றும், அந்த ஏசி மோட்டார் ஹெர்ட்ஸ் கணக்கில்தான் சுற்றும். மோட்டாரில் இருந்து தட்டைச் சுழற்றுகிற சின்னச் சக்கரம்தான் புல்லி, அது பெரிதானால் தட்டு வேகமாகச் சுற்றும். அதைக் கழற்றி அளந்தார், பழையது ஐந்து பங்கு என்றால் ஆறு பங்கு விட்டத்துக்கு வண்ணாரப்பேட்டை லேத் பட்டறையில் பித்தளையில் கடைந்து வாங்கி வந்து மாட்டினார். அந்த அம்மாள் ஐந்து கட்டைக்கு ஏறினார், தெருவே கூடி நின்று கேட்டது.

அண்ணாச்சி என்ன சொன்னார் தெரியுமா? “இந்தத் துண்டு பித்தளைக்கா இம்புட்டுத் துட்டு?” கேட்டதில் பாதியைக் கொடுத்தார். மெக்கானிக் எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. பழைய புல்லியைக் காகிதத்தில் மடித்துக் கையில் கொடுத்து, “பத்திரமா வச்சுக்கிடுங்க அண்ணாச்சி, திரும்ப அங்க கொண்டு போனியன்னா இதத்தான் மாட்டணும்” என்றார். பக்கத்தில் நின்று இதைப் பார்த்த எனக்கு அந்தக் கோபம் இன்னும் அடங்கவில்லை, அதில் ஒரு பங்கு இன்று உங்கள் மேல் விழுகிறது. படித்த பிள்ளை, முகம் பார்த்த ஒரு மனுஷனை 250 ரூபாய்க் கணக்கை வைத்து ஏமாற்றுக்காரர் என்று எழுதலாமா?

1,800ஐ அப்படியே கொடுங்கள். கழற்றிய பழைய கேபாசிட்டர்களைக் கவரில் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள், என்னென்ன மாற்றினார் என்று ஒரு தாளில் தேதியோடு எழுதித் தரச் சொல்லுங்கள். வாங்க வருகிறவரிடம் இரண்டையும் காட்டுங்கள், அவர் கொண்டுவருகிற பாட்டையே ஒரு மணி நேரம் போட்டுக் கேட்க விடுங்கள். விலைப் பேச்சு அதற்கு அப்புறம். 6,000 சொன்ன வியாபாரியையும் அன்றைக்கே வரச் சொல்லுங்கள்.