நகையை அடகு வைத்து சீட் வாங்காதீர்கள்; பிள்ளையைக் கும்பகோணம் அனுப்புங்கள்

தேவகோட்டைக்குப் பக்கத்து ஊர். அப்பா கல்யாணச் சமையல் எடுத்துச் செய்பவர். அம்மா முறுக்கும் சீடையும் சுட்டு ஆர்டருக்குக் கொடுக்கிறார். ஒரே மகள், அரசுப் பள்ளியில் படித்து பிளஸ் டூ தேர்வு எழுதி முடித்திருக்கிறாள். மூவரும் ஆலோசனை கேட்டு வந்தார்கள். கூடவே, விடுமுறைக்கு சிங்கப்பூரிலிருந்து வந்திருந்த அம்மானும். கம்ப்யூட்டர் சயின்ஸ் தவிர வேறு எதைப் படித்தாலும் வீண் என்பது அம்மானின் தீர்ப்பு. ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நிர்வாக ஒதுக்கீட்டில் இடம் பேசியாகிவிட்டது. அம்மாவின் நகையை அடகு வைப்பதா, இருக்கும் ஒரே மனையை விற்பதா என்பதில்தான் வீட்டில் வாக்குவாதம். மகளுக்கு என்ன வேண்டும் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவள் மடியில் மூன்று நோட்டுகள் வைத்திருந்தாள். பிரித்தால் முழுக்க அவள் வரைந்த முகங்கள்.

எல்லாம் நல்லபடியாக நடக்கும் என்று தேற்றி அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. அவர்களிடம் சொன்னதையே இங்கும் எழுதுகிறேன். ஏனென்றால் இந்த வீடு ஒன்றல்ல. காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் என்று இந்த வட்டாரத்தில் மே மாதம் பிறந்தால் நிறைய வீடுகளில் இதே பேச்சுதான்.

முதலில் பணம். அந்த மனையை விற்காதீர்கள். நகையையும் தொடாதீர்கள். கணக்குப் பாடத்தில் தட்டுத்தடுமாறித் தேறும் பிள்ளையை, கணக்கின்மேலேயே நிற்கும் ஒரு படிப்பில் விலை கொடுத்து உட்காரவைத்தால் நான்கு ஆண்டும் அரியர் எழுதியே கழியும். "கல்விக் கடன் இருக்கிறதே" என்றார் அம்மான். இருக்கிறது. ஏழரை லட்சம் வரை சொத்துப் பிணை இல்லாமல் தருகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் அந்தக் கடனில் பெற்றோரும் சேர்ந்து கையெழுத்திட வேண்டும். படிப்புக் காலத்திலும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லையே தவிர, வட்டி அன்றாடம் ஏறிக்கொண்டுதான் இருக்கும். பிள்ளை வேலையில்லாமல் நின்றால் வங்கி வந்து நிற்பது சமையல் எடுப்பவரின் வாசலில். அம்மான் அன்பினால்தான் சொல்கிறார். ஆனால் அந்தத் தவணையை அவர் கட்டப்போவதில்லை.

பொறியியலையும் மருத்துவத்தையும் பற்றி நான் எழுத வேண்டியதில்லை. அவற்றை எடுத்துச் சொல்ல ஊர் முழுக்க ஆள் இருக்கிறது. யாரும் வாய் திறக்காத ஓர் இடத்தைப் பற்றிச் சொல்கிறேன்: கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி.

இங்கே பி.எஃப்.ஏ., அதாவது ஓவியம், சிற்பம் போன்ற கவின்கலைகளுக்கான நான்காண்டுப் பட்டப்படிப்பு இருக்கிறது. டிப்ளமோவோ சான்றிதழ்ப் படிப்போ அல்ல, முறையான இளநிலைப் பட்டம். இசை மற்றும் கவின்கலைக்கென்றே தமிழக அரசு 2013இல் தொடங்கிய பல்கலைக்கழகம் தருவது. பிளஸ் டூவில் எந்தப் பிரிவு படித்திருந்தாலும் விண்ணப்பிக்கலாம். வரைதல் தேர்வு ஒன்று உண்டு. அங்கேதான் இந்தப் பிள்ளை முன்னால் நிற்பாள். வண்ணக்கலை, சிற்பக்கலை, காட்சிவழித் தகவல் வடிவமைப்பு எனப் பிரிவுகள். முகத்திலும் உடலிலும் நாட்டமுள்ளவர்களுக்கு வண்ணக்கலை. ஒரு மனிதரை எதிரே உட்காரவைத்து மணிக்கணக்காகப் பார்த்து வரையும் பயிற்சி அங்கே பாடத்திட்டத்துக்குள்ளேயே இருக்கிறது. பக்கத்தில் சுவாமிமலை, செப்புத் திருமேனி வார்க்கும் ஸ்தபதிகளின் பட்டறைகளைப் பார்க்கலாம். ஐராவதேசுவரர் கோயில் இருக்கும் தாராசுரம் நகரத்தை ஒட்டியே இருக்கிறது. காரைக்குடியிலிருந்து புதுக்கோட்டை, தஞ்சாவூர் வழியாக பஸ்ஸிலேயே போய்விடலாம். அரசுக் கல்லூரிக் கட்டணம் என்பதால் நிர்வாக ஒதுக்கீட்டுத் தொகையோடு அதைச் சேர்த்துப் பேசவே தேவையில்லை. அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்த பெண் என்பதால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் வரும். தங்குவதற்கும் தூரிகை, வண்ணம், கான்வாஸுக்கும் செலவு ஆகத்தான் செய்யும். ஆயில் கலர் மலிவில்லை. அந்தச் செலவைத் தாராளமாகச் செய்யுங்கள்.

அங்கே படித்தவர் ஓவியர் எஸ். இளையராஜா. கும்பகோணத்துப் பக்கத்துக் கிராமத்தில் பிறந்து, கும்பகோணத்தில் இளநிலையும் சென்னையில் முதுநிலையும் முடித்தார். கதவோரம் நிற்கும் பெண், அடுப்படியில் குந்தியிருக்கும் பெண் என்று நம் வீட்டுப் பெண்களையே வரைந்தார். புகைப்படமோ என்று ஜனங்கள் நின்று பார்த்தார்கள். 2021இல் கொரோனா அவரைக் கொண்டுபோய்விட்டது. அவர் வரைந்தவை அத்தனையும் இந்த மண்ணின் முகங்கள்.

"படம் போட்டால் சோறு கிடைக்குமா?" என்று அப்பா கேட்டார். நியாயமான கேள்வி. படித்து முடித்த மறுநாளே கைநிறையச் சம்பளம் வராது. முதல் சில ஆண்டுகள் இழுபறிதான். தலையில் கடன் இல்லாவிட்டால் அந்த ஆண்டுகளைத் தாங்கிக்கொள்ளலாம். நகையைக் காப்பாற்றச் சொல்வதும் அதற்காகத்தான். அதன்பின் பத்திரிகைச் சித்திரம், பாடநூல் படங்கள், சினிமாவில் கலைத்துறை, அனிமேஷன் நிறுவனங்களில் பாத்திர வடிவமைப்பு, ஆள் பார்த்து வரையும் உருவப்படம் என்று வழிகள் இருக்கின்றன. மென்பொருளைச் சில மாதங்களில் கற்றுக்கொள்ளலாம். உடம்பை வரையத் தெரிந்த கைக்கு ஆண்டுகள் வேண்டும். அந்த ஆண்டுகளைத்தான் இந்தக் கல்லூரி தருகிறது.

அதுவும் செட்டிநாட்டில் இருந்துகொண்டு இதைக் கேட்கலாமா? இங்கே எத்தனை வீட்டில் மூதாதையரின் எண்ணெய் வண்ண உருவப்படங்கள் தொங்குகின்றன. வாசல் முகப்பில் சுதைப் பொம்மைகள் நிற்கின்றன. அவையெல்லாம் கூலி வாங்கிய கலைஞர்களின் வேலை. கன்னியாகுமரியில் 2000ஆம் ஆண்டு திறந்த 133 அடி வள்ளுவரை வடித்த கணபதி ஸ்தபதி, நம் பிள்ளையார்பட்டிக்காரர்.

இனி, ஆத்தா, உன்னிடம் பேசுகிறேன். மூன்று நோட்டையும் பக்கம் பக்கமாகப் பார்த்தேன். இமைமயிரை ஒவ்வொன்றாகத் தீட்டியிருக்கிறாய். கன்னத்து நிழல் வழுவழுவென்று இறங்குகிறது. பொறுமை இருக்கிறது. ஆனால் எல்லா முகமும் நேரே பார்க்கிறது. காதெல்லாம் கூந்தலுக்குள்; கையெல்லாம் முதுகுக்குப் பின்னால். பாதம் வரும் இடத்தில் காகிதம் முடிந்துவிடுகிறது. ஒரே ஒரு படத்தில் கை வெளியே வந்திருக்கிறது. அதில் ஐந்து விரலும் ஒரே நீளம். அத்தனையும் போனில் பார்த்த நடிகர், நடிகையர் படத்தைக் கட்டம் போட்டுப் பெயர்த்தவை. வரைதல் தேர்வுக்கு இது போதாது.

இன்றிலிருந்து போன் படத்தை நிறுத்து. நெருக்கத்தில் எடுத்த படத்தில் மூக்கு பெருத்துக் காது சிறுத்துவிடும். பார்த்து வரைபவர் அந்தப் பிழையையும் சேர்த்து வரைந்துவிடுவார். கண்கள் உச்சந்தலைக்கும் மோவாய்க்கும் நடுவில் இருக்கின்றன. நீ மேலே ஏற்றி வைத்துவிடுகிறாய், அதனால் மண்டை தட்டையாகிறது. இரண்டு கண்ணுக்கும் நடுவே ஒரு கண் அகலம். காது, புருவத்துக்கும் மூக்கின் அடிக்கும் இடையில். வளர்ந்த ஆளின் உயரம் ஏறக்குறைய ஏழரைத் தலை. ஒரு வயதுக் குழந்தைக்கு நான்கு. நம் சிற்பிகளும் முகத்தைத்தான் அளவுகோலாகக் கொண்டார்கள்: முக நீளம் ஒரு தாளம், அதைப் பன்னிரண்டாகப் பிரித்த ஒரு பங்கு ஓர் அங்குலம் (இன்ச் அல்ல), பெருந்தெய்வ உருவத்துக்குரிய உத்தம தசதாளம் என்ற அளவு 124 அங்குலம். அளவை மனப்பாடம் செய், பிறகு எதிரே இருப்பவரைப் பார். யாரும் அளவுக்கு அச்சாகப் பொருந்த மாட்டார்கள். அந்த வித்தியாசத்தில்தான் சாயல் இருக்கிறது.

உனக்கு அப்பாவின் சமையல் கொட்டகையைவிட நல்ல வகுப்பு கிடைக்காது. அண்டாவில் துடுப்புப் போடுபவர் ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறார்; விட்ட கோணம் மறுபடி வரும், பிடித்துக்கொள்ளலாம். ஒரு படத்துக்கு இரண்டே நிமிடம். ரப்பர் கூடாது. முகத்தில் தொடங்காதே, முதுகெலும்பு வளையும் கோட்டை முதலில் போடு. நிற்பவரின் பாரம் எந்தக் காலில் இருக்கிறது என்று பார். அந்தப் பக்கத்து இடுப்பு ஏறும், தோள் இறங்கும். கழுத்துக் குழியிலிருந்து ஒரு தூக்குநூல் விட்டால் பாரம் தாங்கும் பாதத்தருகே விழும். அது தப்பினால் ஆள் சாய்ந்து விழுவதுபோல இருக்கும்.

வீட்டில் அப்பத்தாவை முற்றத்து ஓரம் உட்காரச் சொல். மேலிருந்து வரும் வெளிச்சத்தில் புருவமேடும் மூக்கும் கன்ன எலும்பும் துலங்கும், கண்குழி இருளும். மண்டையோட்டின் அமைப்பு தானாகவே தெரியும். அவர் கண்டாங்கி உடுத்தியிருந்தால் இன்னும் நல்லது. அந்தக் கட்டங்கள் முழங்காலிலும் இடுப்பிலும் எப்படி வளைகின்றன என்று கவனி. துணிக்குள் இருக்கும் உடம்பின் உருட்சியை அந்தக் கோடுகளே சொல்லிக்கொடுத்துவிடும். கைக்கும் பாதத்துக்கும் தனி நோட்டு போடு. அம்மா முறுக்குப் பிழியும் கையிலிருந்து தொடங்கு.

பெற்றோருக்கு இன்னும் கொஞ்சம். பிளஸ் டூ முடிவு வந்ததும் விண்ணப்ப அறிவிப்பைக் கவனியுங்கள். சாதிச் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ் எல்லாம் இப்போதே எடுத்து வையுங்கள். தேர்வுக்குத் தயார்ப்படுத்துகிறோம் என்று பெருந்தொகை கேட்கும் வகுப்புகளில் சேர்க்காதீர்கள். பென்சிலும் கரித்துண்டும் மட்டமான நியூஸ்பிரிண்ட் தாளும் போதும். சென்னை அரசு கவின்கலைக் கல்லூரிக்கும் சேர்த்தே விண்ணப்பியுங்கள். 1850இல் தொடங்கிய பள்ளி அது, போட்டி அதிகம். இரண்டிலும் இவ்வாண்டு இடம் கிடைக்காவிட்டால் பதறிப்போய் அந்த நிர்வாக ஒதுக்கீட்டுக்கு ஓடாதீர்கள். ஓவியத்தில் லோயர், ஹையர் என்று ஊரில் சொல்லும் அரசுத் தொழில்நுட்பத் தேர்வுகளுக்குப் படிக்கவைத்து, அடுத்த ஆண்டு மறுபடி அனுப்புங்கள். அம்மானிடம் இதைச் சொல்லத் தயக்கமாக இருந்தால் அவர் கிளம்புவதற்குள் என்னிடம் அழைத்து வாருங்கள், நானே சொல்கிறேன்.