பழைய பிசியில் ஓடும் 8 கேமரா சிஸ்டம் அடிக்கடி நின்றுபோகிறது. சரிசெய்வதா, என்விஆர் வாங்குவதா, புதுப் பிசியே போடுவதா?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு அம்பாசமுத்திரம் பக்கம் ரைஸ்மில். 2012-இல் அவருடைய அப்பா ஒரு பிசிக்குள், கேமராப் படத்தை உள்ளே வாங்கும் கார்டு ஒன்றைச் செருகி 8 அனலாக் கேமரா மாட்டியிருக்கிறார். இப்போது வாரத்துக்கு இரண்டு தடவை ஹேங் ஆகிறது. இரண்டு கேமரா ராத்திரியில் மட்டும் கறுத்துப் போகிறது. பகலில் ரெக்கார்டிங் நடுநடுவே விட்டுப்போகிறது. பிசியைத் தூக்கிப் போட்டுவிட்டு என்விஆர் (நெட்வொர்க் வழியாக வரும் கேமராப் படத்தைப் பதியும் தனிப் பெட்டி) வாங்கலாமா என்கிறார்.

பாளையங்கோட்டையில் கம்ப்யூட்டர் சர்வீஸும் கேமரா வேலையும் 15 வருஷத்துக்கு மேலாகப் பார்க்கிறேன். அந்தக் கார்டை இனிக் காப்பாற்ற வேண்டாம் என்பதுதான் என் பதில். ஆனால் நீங்கள் சொன்ன மூன்று கோளாறில் பிசியின் தலையில் கட்டக்கூடியது ஒன்றுதான். மற்ற இரண்டும் புதுப் பெட்டி வாங்கி வைத்தாலும் அப்படியேதான் இருக்கும்.

வாங்குவதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். ரெக்கார்டிங் போல்டரைத் திறந்து, நேற்று ராத்திரி 2 மணிப் படத்தை ஓடவிட்டுப் பாருங்கள். நான் இதை வலியுறுத்துவதற்குக் காரணம் திருநெல்வேலி டவுனில் ஒரு மளிகை மொத்தக் கடை. அண்ணாச்சி கல்லாவுக்கு மேலே பெரிய டிவி வைத்து எட்டுக் கட்டத்திலும் படம் பார்த்துக்கொண்டே இருப்பார். ஒரு நாள் விடியக்காலம் போன். "தம்பி, ராத்திரி குடோன் பூட்ட ஒடச்சிருக்கானுவ, வந்து படத்த எடுத்துக் குடு." போய்ப் பார்த்தால் கடைசியாக ஒழுங்காகப் பதிந்த தேதி 5 வாரத்துக்கு முந்தையது. அதன் பிறகு உள்ள பைல் எல்லாம் 0 கேபி. டிஸ்க்கில் எழுத முடியாமல் போனதும் சாப்ட்வேர் திரையின் மூலையில் கடுகளவு சிவப்புப் புள்ளி ஒன்றைப் போட்டுவிட்டு, லைவ் படத்தை மட்டும் ஜோராகக் காட்டிக்கொண்டிருந்திருக்கிறது. "படம் ஓடிட்டுத்தானடே கெடந்துச்சு?" என்று அவர் கேட்டார். எனக்கு வாய் வரவில்லை. மாட்டிக் கொடுத்தது நான், ஆறு மாசத்துக்கு ஒரு தடவை வந்து பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போகாமல் இருந்ததும் நான்.

சரி, உங்கள் கோளாறுக்கு வருவோம்.

ஹேங் ஆவது. ரைஸ்மில் பிசி என்றதுமே எனக்குத் தவிடுதான் நினைவுக்கு வரும். சாதாரணத் தூசி ஊதினால் போய்விடும். தவிட்டில் எண்ணெய்ப் பசை உண்டு, அது பிராசஸர் மேலிருக்கும் ஹீட்சிங்க் இடுக்குகளில் அடை மாதிரி பிடித்துக்கொள்ளும். பேன் சுற்றுவதுபோல் தெரியும், காற்று உள்ளே போகாது. சூடு ஏறியதும் பிசி தானாக ஆஃப் ஆகும், அல்லது அப்படியே உறைந்து நிற்கும். கேபினெட்டை வெளியே களத்துக்குக் கொண்டுபோய், பெயின்ட் பிரஷ்ஷால் சுரண்டி, புளோயர் அடியுங்கள். அடிக்கும்போது பேனை ஒரு விரலால் பிடித்துக்கொள்ளுங்கள், தறிகெட்டுச் சுற்றவிட்டால் பேரிங் போய்விடும். ஹீட்சிங்க்கைக் கழற்றினால் பேஸ்ட் புதிதாகத் தடவ வேண்டும். அப்படியே மதர்போர்டில் கெப்பாசிட்டர்களின் தலை உப்பியிருக்கிறதா என்றும் ஒரு பார்வை. உப்பியிருந்தால் அந்தப் போர்டோடு மல்லுக்கட்ட வேண்டாம்.

சூடு காரணம் இல்லையென்றால் அடுத்து நான் சந்தேகப்படுவது டிஸ்க்கை. கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோ என்று ஒரு இலவச சாப்ட்வேர் இருக்கிறது. திறந்ததும் நீலத்துக்குப் பதில் மஞ்சள் காட்டினாலோ, சி5 என்ற வரியில் பூஜ்யத்துக்கு மேல் எண் இருந்தாலோ, டிஸ்க் சில இடங்களைப் படிக்க முடியாமல் திணறுகிறது. அப்படித் திணறும் நேரத்தில்தான் மொத்த சிஸ்டமும் தொங்கும். நாமோ சாப்ட்வேரைத் திட்டிக்கொண்டு, அதை நாலு தடவை திரும்ப இன்ஸ்டால் செய்துகொண்டிருப்போம்.

ராத்திரியில் கறுத்துப் போவது பிசி கோளாறே இல்லை. அந்தக் கேமராக்கள் எடைமேடைப் பக்கமோ பின் களத்திலோ தூரத்தில் இருக்கும் என்று நினைக்கிறேன். சாயங்காலம் இருட்டும் நேரத்தில் கேமராவுக்கு அடியில் போய் நில்லுங்கள். 'டிக்' என்று ஒரு சத்தம் வரும், உள்ளே இருக்கும் பில்டர் நகரும் சத்தம் அது. அப்போதுதான் இருட்டில் படம் எடுக்க உதவும் ஐஆர் (அகச்சிவப்பு) விளக்குகள் எரியும், கரண்ட் இழுப்பும் கூடும். கேமராக்களுக்குக் கரண்ட் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டி பக்கம் 12 வோல்ட் சரியாக இருக்கும். கேமரா முனையில் மீட்டர் வைத்தால் 9, 10 என்று இறங்கியிருக்கும். உடனே கேமரா அணையும். அணைந்ததும் இழுப்பு நின்று வோல்டேஜ் ஏறும், மறுபடி உயிர் வரும், மறுபடி 'டிக்'. விடிய விடிய இதே கூத்துதான். காரணம் பெரும்பாலும் கேபிள். செம்பு முலாம் பூசிய அலுமினியக் கம்பியை காப்பர் என்று சொல்லி விற்கிறார்கள். பிளேடால் சுரண்டிப் பாருங்கள், உள்ளே வெள்ளையாகத் தெரிந்தால் அதுதான். அந்தக் கேமராவுக்குப் பக்கத்திலேயே 230 வோல்ட் லைன் இருந்தால் தனி அடாப்டர் ஒன்று மாட்டினால் போதும். எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கும் சின்ன திருகைத் திருப்பி வோல்டேஜை ஏற்றச் சொல்லும் ஆட்கள் உண்டு, அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். தூரத்துக் கேமரா பிழைக்கும், பக்கத்துக் கேமரா சாகும்.

பகலில் விட்டுப்போவதற்கு உங்கள் மில் மோட்டார் காரணமாக இருக்கலாம். பெரிய மோட்டார் ஸ்டார்ட் ஆகும் நொடியில் டியூப்லைட் மங்குகிறதா? அந்த மங்கலில் கேமராக்கள் ரீபூட் ஆகும். நம் ஊரில் நான் பார்க்கும் தவறு ஒன்று: பிசிக்கு யுபிஎஸ் வைப்பார்கள், கேமரா எஸ்எம்பிஎஸ்ஸை நேரே சுவரில் செருகிவிடுவார்கள். இரண்டையும் யுபிஎஸ்ஸில் போடுங்கள். அப்புறம் பிசி ஆன் ஆகும்போது வரும் பயாஸ் செட்டிங்குக்குள் போய், கரண்ட் போய் வந்தால் பிசி தானாக ஆன் ஆகும்படி வைத்திருக்கிறதா என்று பாருங்கள். அது இல்லாததால் திங்கட்கிழமை வரைக்கும் பிசி தூங்கிய கடைகள் எனக்குத் தெரியும்.

சாப்ட்வேர் அசைவு தெரிந்தால் மட்டும் பதிவதுபோல் வைத்திருந்தால் அதையும் ஒரு தடவை யோசிக்க வேண்டும். பணகுடி, வள்ளியூர் பக்கம் ஆனி ஆடியில் காற்றாலை சுற்றுகிற காற்றுக்குக் கேமரா கம்பமே ஆடும். படம் முழுவதும் அசைவு, டிஸ்க் நாலே நாளில் நிரம்பும். உங்கள் பக்கம் அந்தக் காற்று இல்லை. ஆனால் ஐஆர் வெளிச்சத்துக்கு வரும் பூச்சியும், அதைத் தின்ன லென்ஸ் முன்னால் வலை கட்டும் சிலந்தியும் எல்லா ஊரிலும் உண்டு. முக்கியமான இடத்துக்கு நாள் முழுக்கப் பதிவது நல்லது.

இனி, ஏன் கார்டைக் காப்பாற்ற வேண்டாம் என்கிறேன்? அந்தக் காலத்து மலிவுக் கார்டுகளில் ஒரே சிப் நாலு கேமராவுக்கு மாறி மாறி வேலை செய்யும். நம் ஊர் பிஏஎல் (PAL) டிவி முறையில் நொடிக்கு 25 பிரேம், அதை நாலாகப் பங்கு போட்டால் ஒரு கேமராவுக்கு 6 தேறுவதே பெரிது. படம் அதிகபட்சம் 704×576, பலர் வைத்திருப்பது 352×288. எடைமேடையில் நிற்கும் லாரி நீலமா பச்சையா என்று சொல்லலாம், நம்பர் பிளேட்டை வாசிக்க முடியாது. போதாததற்கு அது பழைய பிசிஐ ஸ்லாட்டில் உட்காருவது, இப்போது வரும் மதர்போர்டுகளில் அந்த ஸ்லாட்டைத் தேட வேண்டியிருக்கிறது. டிரைவரும் பல கார்டுகளுக்கு எக்ஸ்பி, விண்டோஸ் 7 காலத்தோடு நின்றுவிட்டது. எக்ஸ்பிக்கு 2014 ஏப்ரலிலும் விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியிலும் மைக்ரோசாஃப்ட் கதவை மூடியாயிற்று.

உங்கள் இடத்தில் நானாக இருந்தால் என்விஆரும் வாங்க மாட்டேன், புதுப் பிசியும் போட மாட்டேன். 8 சேனல் எக்ஸ்விஆர் வாங்குவேன், அனலாக் கேமராவையும் புதுக் கேமராவையும் சேர்த்துப் பதியும் தனிப் பெட்டி அது. ஏற்கெனவே இழுத்திருக்கும் கோஆக்ஸ் (கேபிள் டிவி வயர் மாதிரி) வயரிலேயே பழைய அனலாக் கேமராவும் ஓடும், 1920×1080 படம் தரும் 2 மெகாபிக்சல் கேமராவும் ஓடும். முதலில் எடைமேடை, கேட், ஆபீஸ் மேஜை மூன்றை மட்டும் மாற்றுங்கள். மற்றதை அறுவடை முடிந்து கையில் காசு புரளும்போது பார்த்துக்கொள்ளலாம். சுவரை உடைத்துப் புது வயர் இழுக்கும் செலவு மிச்சம். என்விஆரும் ஐபி கேமராவும் புதிதாகக் கட்டும் இடத்துக்கு நல்ல சோடி. அங்கே ஒரே லேன் கேபிளில் கரண்டும் படமும் போகும், 100 மீட்டர் தூரம் வரைக்கும்.

அப்போ பிசி யாருக்கு? அதைத் தினம் திரும்பிப் பார்க்கிற ஆள் இருக்கும் இடத்துக்கு. என் வீட்டில் பிசிதான் ஓடுகிறது, செகண்ட் ஹேண்டில் வாங்கிய ஆபீஸ் டெஸ்க்டாப், 8-ஆம் தலைமுறை ஐ5. விண்டோஸ் பழக்கம் உள்ளவர்களுக்கு புளூ ஐரிஸ் என்ற கேமரா சாப்ட்வேர், காசு கொடுத்து வாங்க வேண்டும். லினக்ஸ் தெரிந்தால் ஃப்ரிகேட், சோன்மைண்டர் இரண்டும் இலவசம். ஃப்ரிகேட் ஆளையும் நாயையும் பிரித்துச் சொல்லும், எங்கள் தெருவில் அது பெரிய நிம்மதி. பிசியில் தேடுவது சுளுவு, பைலை அப்படியே காப்பி எடுக்கலாம். பல என்விஆர்களில் டிஸ்க்கைக் கழற்றி விண்டோஸில் செருகினால் ஒன்றும் தெரியாது, அது தன் சொந்த முறையில் எழுதி வைத்திருக்கும்.

பிசியில் எல்லோரும் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. கேமரா அனுப்பும் படத்தை சாப்ட்வேர் பிரித்து, மேலே எழுத்துப் போட்டு, மறுபடி சுருக்கி எழுதும்படி விட்டால் பிராசஸர் 100 சதவீதத்தில் நிற்கும். வந்ததை வந்தபடியே டிஸ்க்கில் எழுதச் சொல்லுங்கள், திரையில் காட்டுவதற்குக் கேமரா கூடவே அனுப்பும் சின்ன அளவுப் படத்தை (சப்ஸ்ட்ரீம்) கொடுங்கள். ஆடி ஓய்ந்த பிசிகூட நிமிர்ந்துவிடும். விண்டோஸ் அப்டேட் நடுராத்திரியில் ரீஸ்டார்ட் செய்வது, ஸ்லீப் மோடு, ஆன்டிவைரஸ் ஒவ்வொரு வீடியோ பைலையும் மோந்து பார்ப்பது, இந்த மூன்றையும் நிறுத்தி வையுங்கள். கரண்ட் கணக்கும் இருக்கிறது. பிசி 60 வாட் இழுத்தால் மாதம் 43 யூனிட், 15 வாட் பெட்டி என்றால் 11 யூனிட்டுக்குள்.

டிஸ்க் எவ்வளவு வேண்டும் என்பதைக் கடைக்காரரிடம் கேட்காதீர்கள், நீங்களே போடலாம். ஒரு கேமரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. எட்டுக்கு 173 ஜிபி. 2 டிபி டிஸ்க் 11 நாள், 4 டிபி 23 நாள், 6 டிபி ஒரு மாதம் தாண்டும். பிட்ரேட்டை 4 மெகாபிட்டாக ஏற்றினால் நாள் பாதியாகும். நெல் வியாபாரத்தில் எடைத் தகராறு உடனே வராது, பட்டுவாடா நேரத்தில்தான் வரும். அதனால் 6 டிபி. டபிள்யூடி பர்ப்பிள், சீகேட் ஸ்கைஹாக் மாதிரி கேமராவுக்கென்றே வரும் டிஸ்க்கை வாங்குங்கள். சாதாரண டெஸ்க்டாப் டிஸ்க் சிலவற்றின் டேட்டாஷீட்டைப் பார்த்தால் வருஷத்துக்கு 2400 மணி நேர ஓட்டத்துக்குத்தான் கணக்கு போட்டிருப்பார்கள். கேமரா டிஸ்க் ராப்பகலாக ஓடுவது, வருஷத்துக்கு 8760 மணி நேரம்.

இரண்டு சில்லறை விஷயம், ஆனால் சில்லறை இல்லை. முதலாவது கடிகாரம். பழைய பிசியில் சிஆர்2032 பேட்டரி தீர்ந்தால், கரண்ட் போய் வரும் ஒவ்வொரு தடவையும் நேரம் குழம்பும். ஒரு கடையில் படம் 22 நிமிஷம் பின்தங்கி இருந்ததால், ஸ்டேஷனில் ஒவ்வொரு காட்சிக்கும் நான் கூட்டல் கழித்தல் சொல்ல வேண்டியதாயிற்று. 2024 ஜூலை 1 முதல் மின்னணுப் பதிவைச் சாட்சியமாக ஏற்பது பற்றிய பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி போய், பாரதிய சாக்ஷ்ய அதினியத்தின் 63-ஆம் பிரிவு வந்திருக்கிறது. படத்தோடு கொடுக்கும் சான்றிதழில் பைலின் ஹாஷ் எண்ணையும் (பைலில் ஒரு எழுத்து மாறினாலும் மாறிவிடும் கைரேகை மாதிரி எண்) எழுத வேண்டும். அந்தக் காப்பி எடுக்கும் வேலையை, தெரிந்த ஆளை வைத்துச் செய்யுங்கள்.

இரண்டாவது, பெட்டியை வைக்கும் இடம். 2023 டிசம்பர் 17, 18 மழையில் தாமிரபரணி வெள்ளம் திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஏறி வந்தபோது, மேஜைக்கு அடியில் வைத்திருந்த பெட்டிகள் சேறோடு என்னிடம் வந்தன. தரையில் இருந்த யுபிஎஸ்ஸும் போச்சு. சுவரில் பரணுக்கு மேல் ஒரு சின்ன இரும்புப் பெட்டியில், காற்றுக்கு ஓட்டை வைத்து, தவிடு பறக்காத ஆபீஸ் அறையில் ஏற்றி வையுங்கள். திருட வருகிறவனும் முதலில் தேடுவது அந்தப் பெட்டியைத்தான்.

போனில் பார்க்க வேண்டுமென்றால், பாஸ்வேர்டை மாற்றாமல் ரவுட்டரில் போர்ட் (வெளியிலிருந்து உள்ளே வரும் வழி) திறந்து வைக்காதீர்கள். 2016-இல் மிராய் என்ற வைரஸ் பிடித்துக்கொண்டு போனதில் பெரும்பகுதி, அப்படிக் கம்பெனி பாஸ்வேர்டோடு கிடந்த கேமராக்கள், டிவிஆர்கள் (படம் பதியும் பெட்டிகள்), ரவுட்டர்கள்தான்.

கார்டு பெயர், எந்த விண்டோஸ், அந்த இரண்டு கேமராவுக்கு எத்தனை மீட்டர் வயர் என்று கமென்டில் போடுங்கள். முடிந்தால் இன்று இருட்டியதும் ஒரு மீட்டரை எடுத்துக்கொண்டு எடைமேடைப் பக்கம் போய் வோல்டேஜ் பார்த்து அதையும் எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு எக்ஸ்விஆர் விலையைப் பேசலாம்.