சொந்தச் சம்பளத்தில் வாங்கிய வீடு யாருக்குப் போகும்?

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை, வயது 71. கணவர் இறந்து பல வருடங்கள் ஆகின்றன. குழந்தை இல்லை. ஸ்ரீரங்கத்தில் இருக்கும் வீடு என் சம்பளத்திலும் பி.எஃப். பணத்திலும் வாங்கியது. என்னைப் பார்த்துக்கொள்பவள் தங்கை மகள். வங்கியில் நாமினியும் அவள்தான். கணவரின் தம்பி மகன்கள் இருக்கிறார்கள், பேச்சுவார்த்தை இல்லை. எனக்குப் பிறகு எல்லாம் தங்கை மகளுக்குத்தானே? உயில் வேண்டுமா?

பதில்: கட்டாயம் வேண்டும், அம்மா. நீங்கள் இந்து என்று எடுத்துக்கொண்டு சொல்கிறேன். 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 15-வது பிரிவுப்படி, கணவனும் பிள்ளைகளும் இல்லாத பெண் உயில் எழுதாமல் இறந்தால், அவர் சம்பாதித்த சொத்து கணவரின் வாரிசுகளுக்குப் போகும். பிறந்த வீடு அதற்குப் பிறகுதான். உங்கள் அப்பா, அம்மாவிடமிருந்து வாரிசாக வந்த சொத்து மட்டும் அப்பா வழி வாரிசுகளுக்குத் திரும்பும். வீடு நீங்கள் வாங்கியதாயிற்றே! பேசாத அந்த மகன்கள் வந்து சாவியைக் கேட்கலாம்.

ஓம் பிரகாஷ் வழக்கைப் பாருங்கள். ஒரு பெண்ணுக்குக் கல்யாணமான மூன்றே மாதத்தில் கணவர் பாம்பு கடித்து இறந்தார். புகுந்த வீட்டார் பெண்ணை விரட்டிவிட்டார்கள். பிறந்த வீடுதான் படிக்கவைத்தது, வேலைக்குப் போய்ச் சேமித்தார். 1996-ல் உயில் இல்லாமல் இறந்தார். பெற்ற தாயே போய்க் கேட்டும், அந்தப் பணம் கணவருடைய சகோதரியின் பிள்ளைகளுக்கு என்று 2009-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அனுதாபத்துக்காகச் சட்டத்தை வளைக்க முடியாது என்றது. எனக்கு இன்னும் ஆறாத தீர்ப்பு அது.

நாமினி விஷயத்தில் பலரும் ஏமாறுகிறார்கள். வங்கி உங்கள் தங்கை மகளிடம் பணத்தைக் கொடுக்கும், உண்மைதான். ஆனால் வாங்கி வைத்திருந்து உரிய வாரிசிடம் ஒப்படைப்பதே நாமினியின் வேலை.

உயிலுக்கு முத்திரைத்தாள் வேண்டாம், வெள்ளைத்தாள் போதும். கதவு எண், சர்வே எண், நான்கு எல்லை, கிரயப் பத்திர எண் எல்லாம் பிசகாமல் இருக்கட்டும். இரண்டு சாட்சிகள் முன் நீங்கள் கையெழுத்துப் போட வேண்டும், உங்கள் முன் அவர்கள் போட வேண்டும். உங்களைவிட வயதில் இளையவர்களாகப் பாருங்கள். நாளை வழக்கு என்று வந்தால், சாட்சியில் ஒருவராவது கூண்டேறிச் சொல்ல வேண்டியிருக்கும். தங்கை மகள் சாட்சியாக வேண்டாம், பத்திர எழுத்தரிடம் உங்களோடு வரவும் வேண்டாம். பயனடைபவரே முன்னின்று எழுதவைத்த உயிலை நீதிமன்றம் சந்தேகத்தோடுதான் பார்க்கும். கணவர் வழியினருக்கு ஏன் தரவில்லை என்று ஒரு வரி எழுதுங்கள். பதிவு கட்டாயமில்லை, ஆனாலும் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள்.

"உயில் எதற்கு, இப்போதே செட்டில்மென்ட் எழுதிக் கொடுங்கள்" என்று யாராவது சொன்னால் தலையாட்டிவிடாதீர்கள். செட்டில்மென்ட் பத்திரம் பதிந்த கையோடு வீடு தங்கை மகள் பெயருக்குப் போய்விடும், மனம் மாறினாலும் திரும்பப் பெறுவது பெரும்பாடு. உயிலை உயிரோடிருக்கும்வரை எத்தனை முறையும் மாற்றலாம், கடைசியாக எழுதியதே செல்லும். அதனால் பழையதை ரத்து செய்வதாகப் புதியதில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள்.